நெய்வேலி மண்ணும் ஜெர்மனி எந்திரமும்

ஒரே பெயருள்ள வண்டி, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது.

சுசூகி கம்பெனியின் 'ஜிம்னி' என்ற காட்டுப்பாதை வண்டியைப் பாருங்கள். ஜப்பானில் அதற்கு 660 சி.சி.க்கு உட்பட்ட சின்ன என்ஜின். அங்கே சிறிய வண்டிக்கு வரி குறைவு. 2023-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னிக்கு ஏறக்குறைய 1,500 சி.சி. என்ஜின், கதவுகளும் 5.

காரை மாற்றுவது வரியும் சட்டமும். சுரங்க எந்திரத்தை மாற்றச் சொல்வது மண். இதை நெய்வேலி பணம் கொடுத்துக் கற்றது.

ராட்சத சக்கரம்

நெய்வேலியில் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. 1 டன் கரி எடுக்க, சராசரியாக 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை வெட்டி அகற்றவேண்டும்.

1957-ம் ஆண்டு மே 20-ந்தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியில் இருந்து ராட்சத எந்திரங்கள் வந்தன. ராட்டினம் போன்ற சக்கரம். அதைச் சுற்றி வாளிகள். வாளி விளிம்பில் இரும்புப் பற்கள். சக்கரம் சுழலும்போது பற்கள் மண்ணைக் கடிக்கும், வாளி அள்ளும், ஓடும் பட்டை மண்ணை வெளியே கொண்டு போகும்.

தேய்ந்த பற்கள்

ஜெர்மனியின் ரைன் பகுதியில் கரிக்கு மேலே இருப்பது மணல், சரளை, களிமண். இளகிய மண். நெய்வேலியில் இருப்பதோ 'கடலூர் மணற்கல்'. அது இரும்பையே உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

பற்கள் சீக்கிரம் மழுங்கின. பல்லை மாற்ற எந்திரத்தை நிறுத்தவேண்டும். எந்திரம் நின்றால் கரி குறையும். கரி குறைந்தால் மின்சாரம் குறையும்.

பொறியாளர்களும் தொழிலாளர்களும் சும்மா இருக்கவில்லை. பாறையில் துளை போட்டு, வெடி வைத்துத் தளர்த்தினார்கள். பிறகு சக்கரத்தை ஓட்டினார்கள். எளிதில் தேயாத உலோகத்தைப் பற்களின் மீது ஏற்றினார்கள். கரிக்கு அடியில் இருந்து பீறிடும் ஊற்று நீரை, இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தார்கள். 1961-ம் ஆண்டு ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

எது முக்கியம்?

சுரங்க எந்திரங்களை உள்நாட்டிலேயே செய்யவேண்டும் என்று மத்திய அரசு இப்போது ஊக்கம் தருகிறது. நல்ல முயற்சி. ஆனால், வெளிநாட்டு எந்திரத்தை அப்படியே பார்த்துச் செய்தால் பழைய தொல்லைதான் வரும்.

மண் கடினமானால் மோட்டாருக்குப் பலம் கூடவேண்டும். வாளி சிறிதாக வேண்டும். பல்லின் உலோகமும் மாறவேண்டும். எந்தப் பல், எந்த மண்ணில், எத்தனை நாள் உழைத்தது என்ற கணக்கு நெய்வேலித் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். எந்திரத்துக்கு டெண்டர் கேட்கும் முன்பு, அவர்களைக் கேட்கவேண்டும்.

நெய்வேலி நிறுவனம் அரசு நிறுவனம். மண்ணுக்குப் பொருந்தாத எந்திரத்தை வாங்கினால், வீணாவது மக்களின் பணம்.