சொன்ன நேரத்துக்கு முன்னாடி கரன்ட் வந்தா...

காரங்காட்டுக்குப் போனது அலையாத்திக் காட்டை வீடியோ எடுக்க. தொண்டிக்குத் தெற்கே, பாக் நீரிணைக் கரையில் இருக்கும் சின்ன ஊர். வனத்துறையின் படகுச் சவாரி, கயாக், ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டும் இறாலும் என ரீல்ஸுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. போனில் சார்ஜ் மட்டும் இல்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்கே கரன்ட் போயிருந்தது.

சர்பத் வாங்கிக்கொண்டே கடைக்கார அக்காவிடம், "கொஞ்சம் சீக்கிரம் விட்டுடுவாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கே வரட்டும். சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்தாத்தான் எனக்கு வயித்தக் கலக்கும்" என்றார். அவருடைய தம்பி ஈ.பி.யில் கேங்மேன். "அவன் போஸ்ட்ட விட்டு இறங்கிட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. 'நாளை மின்தடை ஏற்படும் பகுதிகள்' என்று தினமும் சாயங்காலம் போடுகிறோமே, அந்தச் செய்தியை எங்கள் டெஸ்க்கில் பாதி நாள் போடுவது நான்தான். ஊர்ப் பெயர்களை ஒட்டி, நேரத்தைச் சரிபார்த்து, போட்டுவிட்டுப் போய்விடுவேன். அந்த ஐந்து மணி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் கேட்டேன், படித்தேன். நடப்பதில் முக்கியமான வேலை, சர்க்யூட் பிரேக்கர் என்ற கருவியைச் சோதிப்பது. நம் வீட்டு எம்.சி.பி.க்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு சுவிட்சை அணைக்கும்போது சில சமயம் உள்ளே குட்டியாக ஒரு பொறி தெரியுமே, 1,10,000 வோல்ட்டில் அது பொறி இல்லை. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான நெருப்புக் கோடு. இரண்டு முனைகளை விலக்கினாலும் மின்சாரம் காற்றிலேயே பாலம் போட்டு ஓடிக்கொண்டிருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதுதான் நல்லகாலம். அந்தக் கணத்தைப் பிடித்து நெருப்பை அணைத்துவிடுகிறது பிரேக்கர். பெரிய வோல்ட்டேஜில் எஸ்.எஃப்.6 என்ற வாயு அணைக்கிறது. 11,000, 33,000 வோல்ட்டில் பெரும்பாலும் வெற்றிடக் குடுவை. (அந்த வாயு ஒரு கிலோ கசிந்தால், 23 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். அழுத்தமானியை அடிக்கடி பார்ப்பதற்கு இது இன்னொரு காரணம்.)

இந்த பிரேக்கருக்கு ஒரு சிக்கல் உண்டு. மாதக்கணக்கில் அதற்கு வேலையே இருக்காது. திறக்காத ஜன்னல் கொக்கி இறுகிப்போவதுபோல உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிடும். ஆனால், எங்கேயோ வயர் அறுந்து விழும்போது, கண் இமைக்கும் நேரத்துக்குள் அது திறந்தாக வேண்டும். அதனால்தான் சும்மா இருக்கும் பிரேக்கரைத் திறந்து மூடி, எத்தனை மில்லி செகண்டில் திறக்கிறது என்று அளக்கிறார்கள். 100 ஆம்பியர் செலுத்தி, தொடு முனைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பேட்டரி அறைக்கும் போகிறார்கள். கோளாறு வந்தால் லைனின் மின்சாரத்தை நம்ப முடியாது. 'திற' என்ற உத்தரவு பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பேட்டரி செத்திருந்தால் பிரேக்கர் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கடலோரத்தில் இன்னொரு வேலையும் சேர்கிறது. உப்புக்காற்று பீங்கானில் படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்தால், மின்சாரம் மேலே ஊர்ந்து போக அதுவே வழி. துடைத்தே ஆக வேண்டும்.

2021 ஜூனில் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று அமைச்சர் சொன்னதும் நாம் மீம் போட்டுச் சிரித்தோம். 2025 பிப்ரவரியில் கடலுக்கு அந்தப் பக்கம், பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுக்க இருட்டானது. பராமரிக்கும்போதே தவறு நடந்த கதையும் அங்கே உண்டு. 2020 ஆகஸ்ட்டில் கெரவலப்பிட்டியவில் வேலை பார்க்கும்போது நடந்த மனிதத் தவறால் நாடு மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. பராமரிக்காமல் விட்டால்? 2025 மார்ச்சில் துணை மின் நிலையம் ஒன்று தீப்பிடித்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையமே கிட்டத்தட்ட ஒருநாள் மூடிக்கிடந்தது. கருவியில் ஈரம் ஏறியிருப்பது 2018-லேயே சோதனையில் தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்றது விசாரணை அறிக்கை.

இனி அக்கா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். துணை மின் நிலையம் நிற்கும் அதே நேரத்தில்தான் வெளியே லைனில் கிளை வெட்டுவதும் பீங்கான் மாற்றுவதும் நடக்கும். பிரேக்கரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. இருபுறமும் ஐசோலேட்டரைத் திறந்து, இடைவெளியைக் கண்ணால் பார்த்து, லைனை எர்த் செய்து, 'எல்.சி.' என்கிற லைன் கிளியர் வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்வரை யார் அவசரப்படுத்தினாலும் சார்ஜ் செய்யக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஆபத்து நம் வீட்டிலிருந்தே போகலாம். கடையிலோ கல்யாண வீட்டிலோ ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி ஓட்டுகிறார்களே, அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து, 230 வோல்ட்டை 11,000 ஆக்கி லைனில் ஏற்றிவிடும். மேலே இருப்பவருக்கு அப்போது எர்த் கம்பி ஒன்றுதான் காவல். மெயினையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் ஒன்று போட்டால் இந்தப் பிரச்னையே இல்லை. உங்கள் வீட்டில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருந்தால், அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் வரும்போது இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லைன் கோளாறைச் சொல்ல மின்னகம் எண் 94987 94987.

அன்றைக்கு 2 மணி தாண்டிப் பத்து நிமிஷத்தில் ஃபிரிட்ஜ் உறுமியது. நான் சார்ஜரைத் தேடினேன். அக்கா போனை எடுத்து, "இறங்கிட்டியாடா? சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.