நானும் வரி கட்டாதவன்தான் சார்!

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கவும். மற்றவர்கள் வழக்கம்போல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

எங்கள் காலை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் நேற்று ஒரு ஃபார்வர்டு. வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, வங்கி வழியே நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 2 சதவீதம் பிடித்துக்கொண்டால் போதுமாம், நாடு வல்லரசு ஆகிவிடுமாம். அனுப்பியவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். ஆனால் ஃபார்வர்டுக்குக் கீழே அவராகவே சேர்த்திருந்தது என்னைத் தூங்கவிடவில்லை: "நாம நாலு பேர் வரி கட்டுறோம். அந்தக் காசுலதான் ஊருக்கெல்லாம் இலவச பஸ், மாசம் ஆயிரம் ரூபாய்."

பதினொரு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் பாதி வாத்தியார்கள். அதுதான் வலித்தது.

முதலில் இந்த "நாம" யார் என்று பார்த்துவிடுவோம். முப்பத்து நான்கு வருடம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன், கணக்காகவே சொல்கிறேன்.

கிரிவலப் பாதையில் நாங்கள் தினமும் சுக்குக் காபி குடிக்கிறோமே, அந்த அம்மா மாதம் 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிறார். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். 299-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்கள். (299-க்கே 18 சதவீதம் போட்டு 53.82 என்று எழுதுபவர்களுக்கு அன்றும் இன்றும் மதிப்பெண் கிடையாது.) விடை 45 ரூபாய் 61 காசு. எல்லாச் செலவும் போக அந்த அம்மாவுக்கு மாதம் 9,000 நிற்கும் என்கிறார். ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் ரீசார்ஜ் வரியாக மட்டும் போகிறது. எனக்கு ஓய்வூதியம் 52,000. அதே ரீசார்ஜ், அதே 45.61. எனக்கு ஆயிரத்துக்கு 88 காசுதான். இது ஒரு ரீசார்ஜ் மட்டும். சோப்பு, செருப்பு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் எல்லாம் இன்னும் இருக்கிறது.

2024-25இல் நாடு முழுவதும் வசூலான மொத்த ஜிஎஸ்டி சுமார் 22 லட்சம் கோடி ரூபாய். அதில் அந்த அம்மாவின் 45 ரூபாயும் இருக்கிறது. இலவச பஸ் யார் காசில் ஓடுகிறது சார்?

இப்போது அடுத்த பக்கம். என் ஓய்வூதியம் வருடத்துக்கு 6,24,000. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. ஆக, நான் கட்டும் வருமான வரி பூஜ்யம். சாருக்கு என்னைவிடக் கொஞ்சம் கூட வரும், அவருக்கும் பூஜ்யம்தான். வருமான வரி கட்டாதவன் ஓசியில் வாழ்கிறான் என்றால், அந்தப் பட்டியலில் நம் நடைக் குழுவே வரிசையாக நிற்கும்.

அந்த 2 சதவீத யோசனைக்கு வருகிறேன். இது புதிதில்லை. புனேயில் உள்ள அர்த்தகிராந்தி அமைப்பினர் பல வருடமாகச் சொல்லிவருவதுதான். கேட்க இனிக்கும். நம் மாவட்டத்து ஆரணி அரிசியை வைத்துப் பாருங்கள். விவசாயி நெல்லை வியாபாரிக்கு விற்கிறார், வியாபாரி மில்லுக்கு, மில் மொத்தக் கடைக்கு, மொத்தக் கடை சில்லறைக் கடைக்கு, அங்கிருந்து என் வீட்டுக்கு. ஐந்து கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் 2 என்றால், வரிமேல் வரி ஏறி என் வாசலுக்கு வரும்போது எட்டு, ஒன்பது என்று நிற்கும். நெல் கொள்முதல், மில், கடை மூன்றையும் ஒரே கம்பெனி வைத்திருந்தால்? இரண்டே கை. ஊர்க் கடைக்காரர் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

1939இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டத்தான். அதுவும் கைமாறும் இடமெல்லாம் விழுந்த வரி. அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வரத்தான் 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. மறுபடி அங்கேயே போகலாம் என்கிறார் சார். 2005இல் வங்கியில் ரொக்கம் எடுத்தால் வரி என்று ஒன்று போட்டு, 2009இல் கைவிட்டார்களே. சார் அப்போது கவுன்டரில்தானே இருந்தார்?

அதற்காக ஜிஎஸ்டி ரொம்ப ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று கோவை ஓட்டல்காரர் ஒருவர் 2024இல் நிதியமைச்சரிடம் நேரிலேயே சொன்னார். ஊரே சிரித்தது. சொன்னவர்தான் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலும் 5, 18 என்று இரண்டு படியாக்கினார்கள். பரோட்டாவுக்கு வரி போனது, நோட்டு பென்சிலுக்குப் போனது, தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் போனது. நல்லது, பாராட்டுகிறேன். ஆனால் எட்டு வருடம் பிரீமியத்தோடு 18 சதவீதம் கட்டினேனே, நோய்க்குப் பயந்ததற்கு அபராதமா அது?

இன்னும் மிச்சம் இருக்கிறது. பெயர் அச்சிட்ட 5 கிலோ அரிசிப் பைக்கு 5 சதவீதம் வரி. 25 கிலோவுக்கு மேல் போனால் இல்லை. அதனால்தான் 2022 ஜூலைக்குப் பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. மொத்தமாக வாங்க வசதியுள்ள எனக்கு வரி இல்லை, அன்றாடம் சம்பாதித்துச் சின்னப் பையாக வாங்குபவருக்கு உண்டு. எந்த வகுப்பில் இந்தக் கணக்கைச் சரி என்று போடுவேன்?

மேலே இருப்பவர்களுக்கோ கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்துக்கான வரி 1985இல் போனது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போனது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வரி 30-லிருந்து 22 ஆனது, வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. அதை இலவசம் என்று எங்கள் குழுவில் யாரும் ஃபார்வர்டு செய்ததில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒரு ரூபாய் வரவில் தனிநபர் வருமான வரி 22 காசு, கம்பெனி வரி 17 காசு.

சீர்திருத்தம் வேண்டும் என்றால் நான் கேட்பது இது. எந்த அளவுப் பையாக இருந்தாலும் அரிசி, பருப்புக்கு வரி வேண்டாம். பல கோடிச் சொத்து பிள்ளைகளுக்குக் கைமாறும்போது ஒரு பங்கு அரசுக்கு வரட்டும். நம் ஓட்டு வீட்டையும் அரை ஏக்கரையும் யாரும் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலித்து மாநிலங்களுக்குப் பங்கு தராமல் வைத்துக்கொள்வது நிற்கட்டும். பஸ்ஸும் பள்ளிக்கூடமும் மாநிலத்தின் பாடு, காசு மட்டும் டெல்லியிலா?

சார், உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாளைக் காலை நடை உண்டு. சுக்குக் காபிக் கடையில் நிற்கும்போது, அந்த "நாம நாலு பேர்" கணக்கை அந்த அம்மா எதிரிலேயே ஒருமுறை சொல்லுங்கள். காபிக் காசு நான் கொடுக்கிறேன்.