பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி... மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?

சனிக்கிழமை காலை. குடும்பத்தோடு கிளம்பி, காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறீர்கள். 'டிக்'... 'டிக்'... அவ்வளவுதான். மெக்கானிக்குக்கு போன் போட்டால், வண்டியைப் பார்க்காமலேயே பதில் வரும்: "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்."

எனக்கும் இதேதான் நடந்தது. அப்பா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த 2007 மாடல் சின்ன கார். வார நாள்களில் ஆபீஸுக்கு மெட்ரோ. கார் எடுப்பது சனி, ஞாயிறு மட்டும். 14 மாதங்களில் இரண்டு புது பேட்டரி வாங்கினேன் (முதல் பேட்டரியின் வாரன்டி கார்டைத் தொலைத்தது என் தப்பு). மூன்றாவதற்கும் தயாரானபோது, தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மீட்டர் வெச்சுப் பாத்தாங்களா தம்பி?"

யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய காரில் கரன்ட் பிரச்சினை வந்தால் முதலில் அளக்கணும், அப்புறம்தான் எதையும் மாத்தணும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சேமிப்பு, சம்பளம், ஆட்டோ டெபிட்

காரின் மின்சாரத்தை உங்கள் வங்கிக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி என்பது சேமிப்பு. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் போடுவது சம்பளம். வண்டி நிற்கும்போது நமக்குத் தெரியாமல் போவது ஆட்டோ டெபிட். கணக்கு காலியானால் இந்த மூன்றில் எங்கே கோளாறு என்று பார்க்காமல், புதுக் கணக்கு திறந்து என்ன பயன்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதலில் சேமிப்பு: ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

அடுத்து சம்பளம்: இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கணும். 12 பக்கமே நின்றால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், அல்லது வயரில் பிரச்சினை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அது புது பேட்டரியையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, வழி: டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா? பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா? பேட்டரி நன்றாக இருந்தும் 'டிக்' சத்தம் மட்டும் வருவதற்கு பல நேரம் இதுவே காரணம். சுத்தம் செய்து இறுக்கினாலே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடலாம்.

என் வண்டியில் கோளாறு ஆட்டோ டெபிட்டில். பெரியவர் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தார். கதவுகளை மூடி, சாவியை எடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். (இப்படி இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 0.4 காட்டியது. ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-அவர். என் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கு நாள்கூடத் தாங்காது!

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் எண் சட்டென்று இறங்கியது. எப்போதோ வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம். சாவியோடு சேராமல், நேராக பேட்டரியிலிருந்து கரன்ட் எடுத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் மட்டுமா காரணம்?

அவர் கேட்டது 500 ரூபாய். "மீட்டர் வெச்சுப் பாத்ததுக்கா 500?" என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கேதான் எனக்கு உறைத்தது. புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் பேசாமல் கொடுத்தவன், கோளாறைக் கண்டுபிடித்தவரிடம் பேரம் பேசப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடுவதற்குக் கூலி இல்லை, பார்ட் மாற்றினால்தான் காசு என்றால், எந்த மெக்கானிக்தான் தேடுவார்? பார்ட் மாற்றும் பழக்கத்தை வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு.

இது பணத்தோடு முடிவதில்லை. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியரைச் சொருகுவது, கம்பியைச் சுற்றிவிடுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. அப்போது ஃபியூஸ் எரியாது, வயர் எரியும். அதேபோல, ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றும் பழைய வித்தையை அனுமதிக்காதீர்கள். திடீரென எகிறும் வோல்ட்டேஜ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியுவையே காலி செய்யலாம்.

அடுத்த முறை "பேட்டரி போச்சு சார்" என்று யாராவது சொன்னால், "எத்தனை வோல்ட் காட்டுதுண்ணே?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுங்கள். தேடிக் கண்டுபிடித்ததற்கான கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.