அம்பாசிடருக்கு அடியில் ஒரு பையன்

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. கணக்கு மட்டும் போடுவேன் :)

அவிநாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குப் பழைய கார் கிறுக்கு. பொள்ளாச்சி தோப்புச் சாளையில் அப்புச்சியோட அம்பாசிடர் மார்க் 2 சும்மா நின்றுகொண்டிருந்தது. மாமாவை நச்சரித்து ஒரு டிங்கரிங் பட்டறையில் கொண்டுபோய் விட்டோம்.

அடியைப் பார்த்த மேஸ்திரி, "தம்பி, பழைய அண்டர்கோட்டிங்கை எடுக்கோணுங்க" என்றார். தார் மாதிரி கறுப்பாக அப்பியிருக்குமே, அதுதான். புதுசில் தகரத்தைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றும். வயசாகி வெடித்துவிட்டால், உள்ளே புகுந்த ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அங்கேயே துரு பிடிக்கும்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால், வண்டிக்கு அடியில் என்னைவிடச் சின்னப் பையன். மூக்கில் கைக்குட்டை, கையில் வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டர். பட்டறை முழுக்கக் கறுப்புத் தூசி. இருமிக்கொண்டே வேலை செய்தான். அந்த அவசரம் என்னுடையது.

அந்தக் காலத்து அண்டர்கோட்டிங் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, லேப்பில்தான் தெரியும். பழைய பிரைமரில் ஈயமும் இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் தரும் நோய் 20, 30 வருசம் கழித்துக்கூட வரும். அதனால்தான் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருசம் வைத்திருக்கச் சொன்னது. பட்டறைப் பையனுக்கு யார் பதிவேடு வைப்பது?

விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. முதலில் ஒரு துண்டை லேப்பில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் பட்டறையில் கையே வைக்கக் கூடாது. இல்லையென்றாலும் கிரைண்டர் வேண்டாம். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹீட் கன்னால் புகை வராத அளவுக்குச் சூடு காட்டி, இளகியதும் பட்டித் தகட்டால் வழிக்கலாம். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ் பக்கம் சூடே கூடாது. புளோ லேம்ப் எங்கேயும் கூடாது. காய்ந்து இறுகிய இடத்தைத் தண்ணீரால் நனைத்துக் கையால் சுரண்ட வேண்டும். கைக்குட்டைக்குப் பதில் பி100 பில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர். விழுந்ததை ஏர் அடித்து ஊதாமல் பையில் கட்ட வேண்டும். வெடிக்காமல் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடலாம்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "பண்ணலாங்க தம்பி, நாளாகும், கூலியும் கூடும். யாருங்க தர்றாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி! பெயிண்ட் பளபளப்புக்கு அள்ளிக் கொடுக்கும் நாம் இதற்குப் பேரம் பேசுகிறோம். பில்லில் மிச்சமான அந்தக் காசை அந்தப் பையனின் நுரையீரல் கட்டுகிறது. நம் கணக்குப் புத்தகத்தில் அது ஏறுவதே இல்லை.

மாமா முனகிக்கொண்டே கூடுதல் கூலிக்கு ஒத்துக்கொண்டார். வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. நிற்கட்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, "எப்பங்க முடியும்?" என்பதற்கு முன்னால் "எப்படிங்க எடுப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.