மூவாண்டு வாயிலும் ஏழை வழக்குரைஞனும்

சட்டம் பயின்று வெளிவரும் தமிழிளைஞர்க்கு அரசுப் பணியின் முதல் வாயில்களுள் தலையாயது உரிமையியல் நடுவர் தேர்வு. இந்திய அரசியல் சட்டத்தின் 234ஆம் பிரிவின்படி, பணியாளர் தேர்வாணையத்தையும் உயர் நயன்மன்றத்தையும் கலந்து, மாநில ஆளுநர் அப்பணிக்கு ஆளமர்த்துகின்றார். உழவன் பிள்ளையும் கூலியாள் பிள்ளையும், எவர் பரிந்துரையையும் எதிர்பாராமல், தம் அறிவொன்றையே துணையாகக் கொண்டு நடுவர் இருக்கையில் அமர இடந்தரும் வாயில் இது.

அவ்வாயிலை 2025ஆம் ஆண்டு மேத் திங்கள் 20ஆம் பக்கல் உச்ச நயன்மன்றம் வழங்கிய தீர்ப்பு மூவாண்டுத் தொலைவிற்குத் தள்ளி வைத்தது. வழக்குரைஞராக மூன்றாண்டு பணிசெய்தவரே இத்தேர்வை எழுதலாம் என்பது அதன் முடிவு. 1993இல் அம்மன்றமே இட்டு, 2002இல் செட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று நீக்கிய கட்டுப்பாடே இவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது.

வழக்குமன்றப் பட்டறிவு இல்லாதவர் பிறர் உடைமைக்கும் உரிமைக்கும் தீர்ப்புக் கூறலாகாது என்னும் கரணியம் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயின், அம்மூவாண்டும் ஏழை இளைஞன் எதைக் கொண்டு உயிர்வாழ்வான்? மூத்த வழக்குரைஞரிடம் சேரும் புதியவர் பலர்க்குக் கிடைப்பது பேருந்துச் செலவிற்கும் போதாது. சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் திங்களுக்கு 20,000 உருபாவும், பிற ஊர்களில் 15,000 உருபாவும் இளையோர்க்கு வழங்குதல் வேண்டுமெனச் சென்னை உயர் நயன்மன்றம் 2024 சூன் திங்களில் கூறியது. அவ்வாண்டு அற்றோபரில் இந்திய வழக்குரைஞர் கழகமும் அத்தொகைகளையே பரிந்துரைத்தது. பரிந்துரை பசியாற்றுமா? தந்தை பொருளில் உண்பவன் மூவாண்டைக் கடந்துவிடுவான். தந்தைக்குச் சோறிட வேண்டியவன் இடைவழியில் வேறு பிழைப்புத் தேடிப் போய்விடுவான். அறிவை அளக்க வேண்டிய தேர்வு, அதற்கு முன்னரே பொருளை அளந்துவிடுகின்றது!

இழப்பு அவ்விளைஞனோடு நிற்பதன்று. கீழ்மன்றங்களில் தமிழே வழங்குதற்கு 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. நடுவர்க்கான முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்பு ஒரு தனித்தாளாகவே உள்ளது. சான்றுரைகளையும் ஆவணங்களையும் தீர்ப்புகளையும் இருமொழிகளிலும் பெயர்த்தெழுதுதல் வேண்டும். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வழக்காடும் சிற்றூரான் பேச்சை அவன் பேச்சாகவே உணரத்தக்கவர், அம்மக்களிடையே பிறந்து தமிழில் பயின்றவரே. அன்னவர் வடிகட்டப்பட்டால், தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைத் தானே படித்தறிய மாட்டாத நிலை தமிழனுக்கு என்றும் தீராது.

ஆகவே இளைஞர்கள் சோர்ந்து ஒதுங்கலாகாது. அத்தீர்ப்பின்படி மூவாண்டுக் கணக்கு இடைக்காலப் பதிவு நாளினின்றே தொடங்குகின்றது. வழக்குரைஞர்க்கான அனைத்திந்தியத் தேர்வில் வென்ற நாளினின்று அன்று. எனவே, பட்டம் பெற்றதும் காலந்தாழ்த்தாமல் பதிவு செய்துகொள்க. பத்தாண்டுப் பட்டறிவுள்ள வழக்குரைஞரின் சான்றும், அதன்மேல் முதன்மை நடுவரின் ஒப்பமும் பின்னர்த் தேவைப்படும். முதல் நாள் தொட்டே, தோன்றிய வழக்குகளைக் குறித்து வைக்க. நடுவர்களிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும் கணக்கில் சேரும். நாள்தோறும் ஒரு பக்கமேனும் மொழிபெயர்த்துப் பழகுக. சட்டத் தாள்களைத் தமிழில் எழுத இடமிருக்க, ஆங்கிலத்தின் காலில் விழுவது எதற்கு?

மேடைதோறும் தமிழ் முழங்கும் மூத்த வழக்குரைஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் அலுவலகத்தில் கட்டுச் சுமக்கும் இளைஞனுக்குத் திங்கள்தோறும் உரிய தொகையை முதற்கண் எண்ணிக் கொடுங்கள். அரசும் அம்மூவாண்டு முழுமைக்கும் போதிய உதவித்தொகையை உறுதி செய்தல் வேண்டும். வாயிலில் காவல் வைப்போர், வழிநடைக்குச் சோறும் வைத்தலே முறை!