பேரனின் மேசையில் பிணங்கள்



இத்திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு பாட்டியார். அவருடைய மகன் இங்கிலாந்து நாட்டில், நாட்டிங்காம் நகரில் பணியாற்றுகிறார். மூன்று மாதம் அங்கே தங்கித் திரும்பிய அம்மையார், தம் பேரனைப் பற்றி இவ்வாறு எழுதுகிறார்:

“பதினான்கு வயதுப் பிள்ளை. பள்ளி விட்டு வந்ததும் மேசை முன் அமர்ந்து, விரல் நீளம்கூட இல்லாத பிணங்களுக்கு வர்ணம் தீட்டுகிறான். கிழிந்த சட்டை, பிதுங்கிய கண், அழுகிய கன்னம். நாற்பது ஐம்பது இருக்கும். செத்தவர்களை வைத்து விளையாடுவதா என்று கடிந்துகொண்டேன். எல்லாவற்றையும் அள்ளி ஒரு பெட்டியில் போட்டு மூடினேன். அதில் சிலவற்றின் கை முறிந்துவிட்டது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் ஊர் திரும்பும்வரை ‘அப்பாயி’ என்று ஒரு முறைகூட அழைக்கவில்லை. நான் செய்தது தவறா?”

தாயே, தவறு என்றோ சரி என்றோ தீர்ப்புக் கூறுமுன் அந்தப் பொம்மை யாது, எங்கிருந்து வந்தது என்று அறிவது நலம். அறியாததைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. அறிந்தபின் அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்று பிரித்துணர்வது அறிவுடைமை.

தாங்கள் கண்டவை மேசைப் போர் விளையாட்டுக்குரிய சிறு பதுமைகள். பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம். அதாவது ஓர் அங்குலத்திற்குச் சற்று மிகுதி. பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ ரெசினிலோ வார்த்து, பெரும்பாலும் வண்ணம் பூசாமலே விற்கிறார்கள். வாங்கியவரே துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் அமைத்த சிறு வீதிகளிலும் இடிந்த வீடுகளிலும் நிறுத்தி, பகடை உருட்டியும் அளவுநாடாவால் தொலைவு அளந்தும் ஆடுவர். ஆட்டம் ஒரு மாலைப்பொழுது என்றால், அதற்கான ஆயத்தம் பல மாதம்.

இவ்விளையாட்டின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. 1812-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு அரசருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டினார். 1824-இல் அவருடைய மகன் அதனைத் திருத்திப் படைத்தலைவர்களின் பயிற்சிக்கு ஏற்றதாக்கினார். 1893-இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் ஈயப் போர்வீரர்களை உட்கூடாக வார்க்கும் முறையைக் கண்டது. பொம்மைகளின் விலை இறங்கியது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கும் அவை எட்டின. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டில் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இவற்றை வைத்து ஆடுவதற்கான விதிகளை எழுதினார். அந்நூலின் இறுதியில் அவர் கூறுவது கருதத்தக்கது. பொம்மைப் போரைச் சில முறை ஆடிப் பார்த்தவனுக்கே உண்மைப் போர் எத்துணை அறிவீனமானது என்பது விளங்கும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு, போர்வீரரோடு மாயக்கதைப் பூதங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு இலண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற நிறுவனம், பின்னர்த் தங்கள் மகன் வாழும் நாட்டிங்காமையே தலைமையிடமாகக் கொண்டது. இன்று அந்நகரும் சுற்றுப்புறமும் பதுமை வார்ப்போருக்குப் பெயர்பெற்றவை. சிவகாசியில் பிறந்த பிள்ளைக்குப் பட்டாசு எப்படியோ, அவ்வூர்ப் பிள்ளைக்குப் பதுமை அப்படி எனலாம்.

படைவீரரும் பூதமும் நின்ற மேசையில் பிணம் எவ்வாறு ஏறியது? இங்கேதான், தாயே, தாங்களும் பேரனும் சேர்ந்து அறிய வேண்டிய செய்தி உள்ளது.

நடமாடும் பிணத்தை மேல்நாட்டார் ‘ஜோம்பி’ என்பர். அச்சொல் ஹைத்தி நாட்டிலிருந்து வந்தது. அந்நாடு முன்னர் பிரெஞ்சுக்காரரின் குடியேற்றமாக இருந்தது; கரும்பு விளையும் பூமி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆப்பிரிக்கர் அடிமைகளாக உழன்றனர். சவுக்கும் பட்டினியும் நோயும் சேர்ந்து, கப்பலில் வந்திறங்கியவருள் பலரைச் சில ஆண்டுகளிலேயே மாய்த்தன. சாவு ஒன்றே விடுதலை. செத்தால் ஆன்மா ஆப்பிரிக்கத் தாயகம் திரும்பும் என்பது அவர்களிடையே வழங்கிய நம்பிக்கை. ஆனால் மந்திரவாதி ஒருவன் பிணத்தைக் கல்லறையினின்று எழுப்பி, மீண்டும் தோட்டத்தில் வேலை வாங்கினால்? அந்த விடுதலையும் பறிபோய்விடும் அன்றோ! தனக்கென விருப்பமும் நினைவும் இன்றி, எஜமானனுக்காக என்றென்றும் உழைக்கும் உடலே ஜோம்பி. அடிமை வாழ்வின் அச்சமே இவ்வுருக் கொண்டது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்த அடிமைகள் 1791-இல் கிளர்ந்தெழுந்து, 1804-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தங்கள் நாட்டின் விடுதலையை அறிவித்தது வரலாறு.

ஹைத்தி மக்கள் சொல்லும் கதைகளில் ஒரு செய்தி உண்டு. ஜோம்பிக்கு உப்பில்லாத உணவே இடுவார்களாம். தப்பித் தவறி உப்பை நாவில் சுவைத்துவிட்டால், தான் யார், தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அது உணர்ந்துவிடும். பிறகு எவர் தடுத்தாலும் நில்லாது, தன் கல்லறையை நாடி நடக்கத் தொடங்கிவிடும்.

ஹைத்தி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்த காலத்தில், 1929-இல், சீபுரூக் என்ற அமெரிக்கர் எழுதிய பயண நூலொன்று இக்கதைகளை மேல்நாட்டில் பரப்பியது. 1932-இல் ‘ஒயிட் ஜோம்பி’ என்ற திரைப்படம் வந்தது. பின்னர் 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ என்னும் இயக்குநர் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்ற படத்தை எடுத்தார். மனிதரைத் தின்னும் பிணக்கூட்டம் என்ற உரு அதில்தான் நிலைபெற்றது. வியப்பு என்னவெனில், அப்படத்தில் ஜோம்பி என்ற சொல் ஓரிடத்திலும் ஒலிப்பதில்லை. வெளியிட்டோர் படத்தின் பெயரை மாற்றியபோது உரிமைக் குறிப்பைச் சேர்க்கத் தவறிவிட்டனர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. ஆகவே அக்கற்பனையை எவரும் தடையின்றி எடுத்தாள முடிந்தது. 2001-இல் வந்த ஒரு மேசை விளையாட்டின் பெட்டியில் நூறு பிளாஸ்டிக் ஜோம்பிகள் இருந்தன. 2012-இல் ‘ஜோம்பிசைட்’ என்ற விளையாட்டைத் தயாரிக்கப் பொதுமக்களே ஏழரை இலட்சம் டாலருக்கு மேல் முன்பணம் தந்தனர்.

ஆனால் பரவிய வழியில் ஒன்று தொலைந்து போயிற்று. ஹைத்தி மக்கள் அஞ்சியது ஜோம்பியைக் கண்டு அன்று. தாமே ஜோம்பி ஆகிவிடுவோமோ என்றுதான். அவர்களுக்கு அது இரங்கத்தக்க உயிர். மேல்நாட்டுத் திரைக்கு வந்ததும் அது சுட்டுத்தள்ள வேண்டிய கூட்டமாயிற்று. கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, மாலையிட்டு, மறைந்தோருக்காக மன்றாடும் நமக்குப் பிணத்தைக் கேலிப்பொருளாக்குவது கூசத்தான் செய்யும். தங்கள் கூச்சத்தை நான் குறை கூறேன். அதற்கு மருந்து, பெட்டியை மூடுவதன்று. மறந்த கதையை நினைவூட்டுவதே.

இனி, பேரன் அம்மேசையில் உண்மையில் என்ன செய்கிறான் என்று காண்போம்.

முதலில் பதுமையைச் சோப்புநீரில் கழுவ வேண்டும். வார்ப்பு அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. வார்ப்பின் ஓரத்தில் எழும் மெல்லிய கோட்டைக் கத்தியாலும் அரத்தாலும் சுரண்டி எடுக்க வேண்டும். பின் துண்டுகளை ஒட்டி, முதற்பூச்சு அடித்து உலரவிடுவர். தோலுக்குச் சாம்பலும் பச்சையும் கலந்த வெளிறிய நிறம். கண்குழியிலும் காயத்தின் ஓரத்திலும் சிறிது ஊதா. அதன்மேல் நீர்போல் இளக்கிய பழுப்பு வண்ணத்தைப் பூசினால் அது மடிப்புகளிலும் குழிகளிலும் தானே சென்று தேங்கி நிழலாகும். அது நன்கு உலர்ந்தபின், தூரிகையில் வண்ணம் தோய்த்து, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மேடுகளின்மேல் மட்டும் இலேசாகத் தடவினால், மூக்கும் கன்ன எலும்பும் விரல்மூட்டும் ஒளி பெற்று எழும். அடித்தட்டில் பசை தடவி மணல் தூவி வண்ணமிட்டால் நிலம் அமைந்துவிடும்.

இக்கலையைத் தொடங்குவோருக்கு ஜோம்பியைவிட ஏற்ற பாடம் இல்லை என்பர். அரசனின் பட்டாடையில் கை நடுங்கினால் பிழை தெரியும். அழுக்கேறிய கந்தலில் பிழையும் அழுக்கோடு அழுக்காக மறைந்துவிடும். ஆயினும் பொறுமைக்கு விலக்கில்லை. ஒரு பூச்சு உலருமுன் மறு பூச்சிட்டால் எல்லாம் சேறாகிவிடும். ஆகவே பத்துப் பதுமைகளை வரிசையாக நிறுத்தி, பத்துக்கும் ஒரே வண்ணத்தை இட்டுவருவர். பத்தாவது முடியும்போது முதலாவது உலர்ந்திருக்கும். காத்திருக்கக் கற்பது இளமைக்கு எளிதன்று. அது அம்மேசையில் கற்பிக்கப்படுகிறது.

மற்றொன்றையும் கேளுங்கள். கூட்டத்தில் இரண்டு முகம் ஒன்றுபோல் இருந்தால் அழகு கெடும். எனவே ஒன்றுக்கு அஞ்சற்காரர் உடை, ஒன்றுக்குத் தாதியின் மேலாடை, ஒன்றுக்குக் கழுத்துப்பட்டை என்று வேறுபடுத்துகிறார்கள். அப்படித் தீட்டும்போது, ‘இவர் முன்னர் யாராக இருந்தார்?’ என்ற கேள்வி தீட்டுகிறவன் உள்ளத்தில் எழாமல் போகாது. அக்கேள்வி எழுந்த இடத்தில் பிணம் மீண்டும் ஒரு மனிதராகிறது.

பகை வளர்க்கும் விளையாட்டோ என்ற ஐயமும் தங்களுக்கு இருக்கலாம். மேற்சொன்ன ‘ஜோம்பிசைட்’ விளையாட்டில் பிணங்களின் பக்கம் எவரும் ஆடுவதில்லை. விதிகளும் சீட்டுகளுமே அவற்றை நகர்த்தும். ஆடுவோர் அனைவரும் ஒரே அணி. ஒருவரை ஒருவர் காத்தால் பிழைக்கலாம். ஒருவன் தன்னலத்தால் முன்னோடினால் எல்லாருக்கும் ஆபத்து. ஆயினும் எல்லா விளையாட்டும் அப்படியன்று. எதை ஆடுகிறான் என்று பெற்றோர் அறிந்திருப்பது கடமை.

குறைகளையும் மறைக்கலாகாது. முதலாவது, சேர்க்கும் ஆசை. தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். வாங்குவதற்குப் பணம் மட்டும் போதும். ஆகவே தீட்டப்படாத பெட்டிகள் பல வீடுகளில் மலையாய்க் குவிகின்றன. தீட்டுவோரே அதனை ‘வெட்கக் குவியல்’ என்று நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்வர். கையிலுள்ளதை முடித்தபின் அடுத்ததை வாங்குவது என்ற ஒரு விதி இல்லத்தில் இருந்தால் பணமும் மிஞ்சும், மனமும் தெளியும். இரண்டாவது, உடல்நலம். பழைய உலோகப் பதுமைகளில் ஈயம் கலந்திருக்கும். அவற்றை அரத்தால் தேய்த்த தூள் சிறு குழந்தைகளுக்கு நஞ்சு. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் அறவே கூடாது. தெளிக்கும் வண்ணத்தைத் திறந்த வெளியில்தான் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, இரத்தம். சிவப்பும் பழுப்பும் கலந்து துளி வைப்பதில் சிலருக்கு நிறைவு வருவதில்லை. கோரத்தையே நாடும் சுவை ஒரு பிள்ளையிடம் வளர்வதாகத் தெரிந்தால், அவனோடு அமர்ந்து பேச வேண்டும். பேச முடிய வேண்டுமானால், அதற்கு முன்பே அவன் மேசையருகே நமக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

தாயே, இப்போது தங்கள் கேள்விக்கு வருகிறேன். தங்கள் கவலை தவறன்று. பெட்டியை மூடிய விதம் தவறு. நாற்பது ஐம்பது பதுமைகளில் அப்பிள்ளையின் பல மாத மாலைப்பொழுது இருந்தது. தாங்கள் கண்டது பிணத்தை. அவன் கண்டது தன் உழைப்பை. கை முறிந்தது பொம்மைக்கு மட்டுமன்று.

அடுத்த ஞாயிறு மகன் தொலைபேசியில் அழைக்கும்போது, பேரனை அழைத்துப் பேசுங்கள். கை முறிந்ததற்கு வருந்துகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்பதால் பெருமை குறையாது, கூடும். எதை முதலில் தீட்டினாய், எது கடினமாக இருந்தது என்று கேளுங்கள். அவன் வாய் திறந்தபின், அவன் ஒருவேளை அறிந்திராத அந்த ஹைத்திக் கதையைத் தாங்களே சொல்லுங்கள். கரும்புத் தோட்டத்தில் உழன்றவரையும், நாவில் பட்ட உப்பால் தன்னை உணர்ந்து வீடு திரும்பியவரையும் பற்றி, தங்களுக்கே உரிய முறையில் சொல்லுங்கள். கதை சொல்லும் அப்பாயியை எந்தப் பேரன்தான் அழைக்காமல் இருப்பான்?

முறிந்த கைகளைப் பற்றிப் பெரிதும் கவலை வேண்டாம். ஒரு துளிப் பசையில் ஒட்டிவிடும். ஒட்டாவிட்டாலும், ஜோம்பிக்கு ஒரு கை இல்லாதிருப்பது பொருத்தமே என்று அவனே தங்களுக்கு ஆறுதல் கூறக்கூடும்.