உடைமையில்லாக் கலைக்கூடம்

கலைக்கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அருங்காட்சியகமே. ஆனால், தனக்கென ஒரு படம்கூட இல்லாத கலைக்கூடங்களும் உலகில் உண்டு. ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளில் இவற்றைக் 'குன்ஸ்ட்ஹாலே', அதாவது கலை மண்டபம், என்பர். படைப்புகளை வெளியிலிருந்து வரவழைத்துச் சில வாரங்கள் காட்டுவர். பின்னர் திருப்பி அனுப்பிவிடுவர். "காட்சி முடிந்தால் வெறும் சுவர்தானே மிச்சம்? இதற்கு ஏன் பொதுப்பணம்?" என்று கேட்பாருண்டு. அந்த வெறும் சுவரே அதன் வலிமை என்பது என் கருத்து.

லண்டன் மாநகரின் கிழக்கே, ஏழைத் தொழிலாளர் நிறைந்திருந்த பகுதியில் 1901ஆம் ஆண்டு ஒயிட்சாப்பல் கலைக்கூடம் திறக்கப்பட்டது. நிரந்தரச் சேகரிப்பு ஏதும் அதற்கில்லை. ஆயினும் 1939 ஜனவரியில் பிக்காசோவின் 'குவர்னிகா' அங்கே வந்தது. குண்டுவீச்சில் அழிந்த ஸ்பானிய ஊரொன்றின் துயரைக் கூறும் ஓவியம் அது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் ஓயாதிருந்த நேரம்! பார்க்க வந்தோர், அங்குள்ள போராளிகளுக்கு அனுப்பக் காலணிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். காயம் ஆறுமுன்பே அதை மக்கள் முன் நிறுத்த அக்கூடத்தால் முடிந்தது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மண்டபம் 1918இல் தோன்றியது. 1969இல் அதன் இயக்குநர் ஹரால்ட் ஸீமான் புதுமைக் கலைஞர்களுக்கு அதைத் திறந்துவிட்டார். லாரன்ஸ் வீனர் என்பவர் சுவர்ப்பூச்சைச் சதுரமாகப் பெயர்த்தெடுத்து, அதையே தம் படைப்பு என்றார்! பழம்பெரும் ஓவியங்கள் தொங்கும் சுவரில் இதற்கு இடங்கிடைக்குமா? "இதுவும் கலையா?" என எதிர்ப்பு எழுந்தது, அவ்வாண்டே ஸீமான் பதவி விலகினார். அதே கண்காட்சி 2013இல் வெனிஸ் நகரில் மீண்டும் அமைத்துக் காட்டப்பட்டது. காலம் தந்த தீர்ப்பு அது.

ஆனால், ஆபத்தும் இதில் உண்டு. சேகரிப்புள்ள நிறுவனம் ஒரு கண்காட்சியில் தோற்றாலும் தன் பழஞ்செல்வத்தைக் காட்டி நிமிர்ந்து நிற்கும். இம்மண்டபங்களுக்கோ அடுத்த கண்காட்சியே உயிர். பணம் தருவோர் சொன்னதையெல்லாம் மாட்டத் தொடங்கினால், வாடகைக்கு விடும் திருமண மண்டபத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? ஆகவே, எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை பொறுப்பாளரிடமே இருத்தல் வேண்டும். கண்காட்சி கலைந்தபின் அதன் விவரப்பட்டியலும் புகைப்படங்களுமாவது பத்திரப்படுத்தப்படல் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு எஞ்சுபவை அவையே.

பழமையைக் காக்க அருங்காட்சியகம் தேவை, மறுப்பவர் யார்? எனினும் நண்பர்களே, மறைந்தபின் கிடைக்கும் மாளிகையைவிட, வாழும் நாளில் கிடைக்கும் ஒரு வெறுஞ்சுவரே கலைஞனுக்குப் பெரிது.